இறங்க மறுத்த சக்கரம்

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

நெல் அறுத்த வயலில் இரை தேடும் கொக்கை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எழுந்து பறந்த மறுகணமே அது தன் நீண்ட கால்களைப் பின்னால் நீட்டி உடலோடு ஒரே கோடாக்கிக்கொள்ளும். மேலே வட்டமிடும் பருந்தோ தன் கால்களை வயிற்றோடு ஒடுக்கி இறகுக்குள் மறைத்துக்கொள்ளும். தரையில் உதவும் கால் வானில் சுமை என்பதைப் பறவைகள் அறிந்திருக்கின்றன. மனிதன் இதைச் செயலாக்கச் சில பத்தாண்டுகள் ஆயின. 1903 ஆம் ஆண்டு ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தில் சக்கரமே கிடையாது. அது சறுக்குக் கட்டைகளின் மேல் இறங்கியது. பின்னர்ச் சக்கரம் வந்தது. 1930களில்தான் சக்கரத்தை மடக்கி உள்ளே வைத்துக்கொள்ளும் போர் விமானங்கள் பெருகின.

காரணம் எளிது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். மெதுவாகப் பறந்த பழைய விமானத்துக்குத் தொங்கும் கால்கள் பெரிய பாரமாக இல்லை. வேகம் கூடக் கூட அவை தாங்க முடியாத பாரமாயின. ஆனால் மடக்கும் கால் ஒரு புதிய கவலையையும் உடன் கொண்டுவந்தது. மடங்கியது மீண்டும் இறங்குமா?

இக்கவலையைச் சிறிய அளவில் நேரில் அனுபவித்தவன் என்ற முறையில், ரேடியோ அலையால் இயங்கும் மாதிரிப் போர் விமானம் ஒன்றின் மடங்கும் சக்கரத்தில் பழுது கண்டுபிடித்த விதத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பழைய போர் விமானங்களின் கால்கள்

தொடக்க காலத்தில் சக்கரத்தை மடக்குவது விமானியின் கைவேலையாகவே இருந்தது. 1933 இல் முதன்முதலாகப் பறந்த சோவியத் ஐ-16 விமானத்தில் கைப்பிடியை 44 முறை சுற்றினால்தான் சக்கரம் முழுதாக மேலேறும். தொடக்க கால ஸ்பிட்ஃபயரில் விமானி வலக்கையால் பம்ப் அடிக்க வேண்டியிருந்தது. அதற்காக விமானத்தைச் செலுத்தும் கோலை இடக்கைக்கு மாற்றிக்கொள்வார். வலக்கை பம்ப் அடிக்கும்போது இடக்கையும் தன்னையறியாமல் சேர்ந்து அசையும். விமானம் அலைபோல் ஏறி இறங்கும்.

ஹரிக்கேன் என்னும் விமானம் 1935 நவம்பர் 6 அன்று முதலில் பறந்தது. இதன் இரு கால்களும் இறக்கையிலிருந்து உடலை நோக்கி உள்பக்கமாக மடங்கும். ஸ்பிட்ஃபயரின் கால்கள் உடலருகிலிருந்து வெளிப்பக்கமாக மடங்கும். இதனால் இறங்கி நிற்கும்போது ஹரிக்கேனின் இரு சக்கரங்களுக்கும் இடையே அகலம் அதிகம். மேடுபள்ளத் தரையிலும் சாயாமல் நிற்கும். நம் நாட்டு விமானப்படையின் முதலாவது அணி 1944 இல் இம்பால் போரில் ஓட்டியது ஹரிக்கேன்களைத்தான். அவ்வணிக்குத் தலைமை தாங்கியவர் பின்னாளில் விமானப்படைத் தளபதியான அர்ஜன் சிங்.

1965 போரில் பெயர்பெற்ற நேட் விமானத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும் தயாரித்த இச்சிறு விமானத்தில், பறக்கும்போதே சக்கரங்களைப் பாதியளவு இறக்கி வேகத்தைத் தணிக்கும் பிரேக்காகவும் பயன்படுத்தினர். எதைச் சுமை என்று மறைத்தார்களோ அதையே தேவைப்படும்போது தடையாக்கிய புத்திசாலித்தனம் வியக்கத்தக்கது அன்றோ!

கார்த்திகையில் ஒரு காலை

எங்கள் ஊரில் விமானப்படையின் தரைப்பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் அவரை மாமா என்று அழைப்பேன். நுரைப்பலகையால் ஆன ஒரு ஹரிக்கேன் மாதிரியை அவர் வைத்திருக்கிறார். இறக்கையின் நீளம் சுமார் 1.4 மீட்டர், எடை 2 கிலோவுக்குச் சற்று மேல். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளன்று நம் கல்லூரிக் கண்காட்சியில் அதை வைக்க இசைந்திருந்தார். அதற்கு முன் கார்த்திகை மாதத்தில், சின்னமனூருக்குத் தெற்கே முதல் போகம் அறுத்திருந்த வயல்களின் ஓரம் வண்டிப்பாதையில் அதைப் பறக்கவிட்டோம். ஆடிக்காற்றில் நம் பள்ளத்தாக்கில் இத்தகைய விமானத்தை நினைத்தும் பார்க்க முடியாது. கார்த்திகையில் காலை நேரம் அமைதியாக இருக்கும். ஆனால் முதல் நாள் பெய்த மழையில் பாதை ஈரமாயிருந்தது.

விமானம் ஓடி எழுந்தது. இரு கால்களும் மடங்கின. நான்கைந்து சுற்றுகள் முடிந்து இறக்க முயன்றபோது வலக்கால் இறங்கியது, இடக்கால் இறங்கவில்லை. மாமா விசையை மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டார். வலக்கால் மட்டும் ஏறி இறங்கியது. உடனே அவர் ஒரு முடிவு செய்தார். இறங்கிய வலக்காலையும் மேலே மடக்கிவிட்டு, வைக்கோல் பரந்து கிடந்த வயலில் வயிற்றால் சறுக்க விட்டார். ஒற்றைக் காலில் இறக்கியிருந்தால் விமானம் சுழன்று இறக்கை முறிந்திருக்கும். இப்போது முன்சுழலி மட்டும் உடைந்தது.

"மோட்டார் போச்சு போல மாமா" என்றேன் நான். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு ஜோடி மடங்கும் கால்களின் விலை என் ஒரு பருவத்துக் கல்விக் கட்டணத்தை விட அதிகம் என்பது எனக்குத் தெரியும். பழுது எதுவென்று தெரியாமல் புதியது வாங்கக் கூடாது என்று தீர்மானித்து, பழுது பார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவ்வாறு கேட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கால் மடங்குவது எப்படி?

மாதிரி விமானங்களில் மூன்று வகை மடங்கும் கால்கள் உள்ளன.

முதலாவது இயந்திர வகை. சர்வோ எனப்படும் சிறு மோட்டார் ஒரு கம்பியைத் தள்ளி இழுக்கும். பயணத்தின் முடிவில் இணைப்புகள் நேர்கோட்டைச் சற்றே தாண்டிப் பூட்டிக்கொள்ளும். கம்பியின் நீளம் ஒரு சுற்றுத் திருகு மாறினாலும் பூட்டு விழாது.

இரண்டாவது காற்றழுத்த வகை. சிறு தொட்டியில் பம்ப் அடித்து நிரப்பிய காற்று, உருளைக்குள் இருக்கும் தண்டைத் தள்ளும். இதில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை கசிவே. சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதைப் போல, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ரப்பர் வளையத்தில் ஒட்டிய ஒரு தூசி போதும், காற்று முழுதும் வெளியேற.

மூன்றாவது மின் வகை. எங்கள் ஹரிக்கேனில் இருந்தது இதுவே. சிறு மோட்டார் ஒன்று பற்சக்கரங்கள் வழியே ஒரு திருகுத் தண்டைச் சுழற்றும். தண்டின் மேல் நகரும் மரை, காலைப் பிடித்திருக்கும் கட்டையைத் திருப்பும். இதற்குத் தனிப் பூட்டு வேண்டியதில்லை. திருகின் சாய்வுக் கோணம் உராய்வுக் கோணத்தை விடக் குறைவாக இருந்தால், சுமை எவ்வளவு அழுத்தினாலும் திருகு தானாகப் பின்னோக்கிச் சுழலாது. லாரிக்கு முட்டுக்கொடுக்கும் திருகு ஜாக்கி கைவிட்டாலும் இறங்காமல் நிற்பது இதே விதியால்தான்.

மோட்டார் எப்போது நிற்க வேண்டும் என்பதை அறிய இதில் ஒரு சிக்கனமான வழியைக் கையாள்கிறார்கள். கால் எல்லையைத் தொட்டதும் மேலும் நகர முடியாமல் மோட்டார் திணறும். திணறும் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். உள்ளே இருக்கும் சிறு மின்சுற்று அந்த உயர்வைக் கண்டதும், "வேலை முடிந்தது" என்று கருதி மின்சாரத்தை நிறுத்திவிடும். இந்த ஒரு செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கால் எல்லையைத் தொட்டதா, வழியில் எதிலோ சிக்கியதா என்ற வேறுபாடு அம்மின்சுற்றுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மின்னோட்டம் ஒன்றே.

பழுதைத் தேடிய நான்கு மாலைகள்

முதல் மாலையில் திருப்புளியைத் தொடவே இல்லை. பழுதைக் கலைத்துவிட்டால் பிறகு தேட முடியாது. விமானத்தை மாமா வீட்டுத் திண்ணையில் கவிழ்த்து வைத்துக் கண்ணால் மட்டும் பார்த்தேன். வயர்கள் அறுபடவில்லை, இணைப்புகள் கழலவில்லை. விசையைப் போட்டதும் இரு கால்களும் ஒழுங்காக விரிந்தன, ஒழுங்காக மடங்கின! பத்து முறை செய்தும் ஒரு குறையும் இல்லை. வைத்தியர் வந்ததும் காய்ச்சல் விட்ட கதைதான்.

இரண்டாம் மாலையில் பழுதை மூன்று பகுதியாகப் பிரித்தேன். செய்தி வருகிறதா, மின்சாரம் வருகிறதா, இயந்திரம் அசைகிறதா என்பவை அவை. இடக்கால் வயரை வலக்கால் இணைப்பிலும், வலக்கால் வயரை இடக்கால் இணைப்பிலும் மாற்றிச் செருகினேன். குறை வயரோடு போனால் பழுது ரிசீவர் பக்கம். காலோடு நின்றால் பழுது காலின் பக்கம். ஆனால் குறையே தோன்றாதபோது இச்சோதனை எதையும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் உறுதியாயிற்று. மோட்டார் எரிந்திருக்கவில்லை. புதியது வாங்கியிருந்தால் பணம் வீணாகியிருக்கும்.

மூன்றாம் மாலையில்தான் எனக்கு உறைத்தது. திண்ணையில் நான் விமானத்தைக் கவிழ்த்து வைத்திருந்தேன். வயலில் அது நிமிர்ந்து பறந்தது. திண்ணையில் சக்கரம் துடைத்துக் காய்ந்திருந்தது. வயலில் அது சேறு அப்பியிருந்தது. பழுது நேர்ந்த நிலையை மீண்டும் உண்டாக்காமல் பழுதைத் தேடுவது, வெளிச்சம் இருக்கிறது என்பதற்காகத் தொலைத்த இடத்தை விட்டுத் தெருவிளக்கின் கீழ் தேடுவதற்கு ஒப்பாகும்.

துறையில் அனுமதி பெற்று ஆய்வகத்திலிருந்து ஓர் ஆம்பியர் அளவுள்ள முள் அம்மீட்டர் ஒன்றை வாங்கிவந்தேன். எண் காட்டும் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறையே அளக்கும். கண நேர உயர்வைத் தவறவிடும். முள் அப்படியன்று, துள்ளுவதைக் காட்டிவிடும். அம்மீட்டரை மோட்டாருக்குத் தொடராக இணைத்தேன். காலை இறக்கையிலிருந்து கழற்றிக் கையில் பிடித்து இயக்கியபோது முள் 0.2 ஆம்பியரில் நின்றது. எல்லையைத் தொட்டதும் 0.7 வரை துள்ளிப் பூச்சியத்துக்கு விழுந்தது. இதுவே நலமான காலின் நாடித்துடிப்பு.

பிறகு சுமைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தேன். சக்கரம் மாட்டினேன், மாற்றமில்லை. இறக்கையில் பொருத்தினேன், மடங்கி முடியும் தறுவாயில் முள் 0.4 க்கு ஏறியது. வலக்காலில் அந்த ஏற்றம் இல்லை. கடைசியாக விமானத்தை நிமிர்த்திப் பிடித்து, வண்டிப்பாதையிலிருந்து கொண்டுவந்த ஈரமண்ணைச் சக்கரத்தில் அப்பி மடக்கினேன். உள்ளே சென்றது. ஐந்து நிமிடம் விட்டு, இறக்கும் விசையைப் போட்டேன். முள் ஒரே துள்ளலில் 0.7 ஐத் தொட்டுப் பூச்சியத்துக்கு விழுந்தது. கால் ஓர் இம்மியும் அசையவில்லை. பழுது கையில் சிக்கிவிட்டது!

என்ன நடந்தது?

சக்கரம் மறையும் பள்ளத்தைச் சக்கரக் குழி என்போம். இடப்பக்கச் சக்கரம் அக்குழியின் சுவரில் உரசி நெருங்கி அமர்ந்திருந்தது. அச்சுக் கம்பியும் சிறிது வளைந்திருந்ததால் சக்கரம் சாய்வாக நுழைந்தது. நுழையும்போது அது ஏற்கெனவே இயக்கத்தில் இருந்தது. ஈரச்சேறும் வழுக்கலாக உதவியது. உள்ளே நின்றபின் சேறு இறுகியது. நுரைச் சுவர் சக்கரத்தைக் கவ்விப் பிடித்தது. இயக்க உராய்வை விட நிலை உராய்வு பெரிது என்று நாம் படித்ததை இங்கே கண்ணால் கண்டேன். நகரத் தொடங்கவே அதிக விசை வேண்டும், மோட்டார் திணறியது, மின்னோட்டம் உயர்ந்தது, மின்சுற்று "வேலை முடிந்தது" என்று நிறுத்திவிட்டது. மாமா மூன்று முறை விசை போட்டும் மூன்று முறையும் இதுவே நடந்திருக்கிறது.

திருகு தானாகப் பின்னோக்கிச் சுழலாது என்று மேலே பெருமையாகச் சொன்னேனே, அந்த நற்குணமே இங்கே தீமையாயிற்று. காலின் எடையால் அது கீழே விழவும் வழியில்லை.

பெரிய விமானங்களை அமைப்போர் இதை முன்பே சிந்தித்திருக்கிறார்கள். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 141 பயணிகளுடன் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட்டபின், அது திருச்சியிலேயே பத்திரமாகத் தரையிறங்கியதை நாடே மூச்சைப் பிடித்துப் பார்த்தது. 737 வகை விமானத்தில் ஹைட்ராலிக் அழுத்தம் இல்லாமல் போனாலும் சக்கரத்தை இறக்க மாற்று வழி உண்டு. விமானி அறையின் தரையில் உள்ள கைப்பிடிகளை இழுத்தால் பூட்டுகள் விடுபடும். கால்கள் தம் எடையாலேயே கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். மடக்குவதற்கு விசை தேவை. இறக்குவதற்குப் புவியீர்ப்பே போதும் என்ற அமைப்பு அது. எங்கள் சிறு விமானத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே சிக்காமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த இன்னொரு காரணம்

இடச்சக்கரம் மட்டும் ஏன் குழியில் நெருங்கியது? பறப்பதற்கு முந்திய நாள் சிறிய சக்கரங்கள் ஈரமண்ணில் புதைவதைக் கண்டு, சற்றே பெரிய சக்கரங்களை மாட்டியவன் நானே. மாட்டும்போது இடப்பக்க அச்சுக் கம்பி வளைந்ததையும் உணர்ந்தேன். கையால் நிமிர்த்திவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். திண்ணையில் ஒருமுறை மடக்கிப் பார்த்தேன், மடங்கியது, போதும் என்று நினைத்தேன். "மோட்டார் போச்சு" என்று முதலில் சொன்னதில் என் தவற்றை மோட்டாரின் மேல் ஏற்றும் ஆசையும் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான்காம் மாலை மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சக்கரத்த மாத்துனது தப்பில்ல தம்பி. மாத்துனதச் சொல்லாம விட்டதுதான் தப்பு. எங்க வேலையில ஒரு ஸ்க்ரூவ மாத்துனாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் விமானம் கிளம்பும். அந்தக் கையெழுத்த நம்பித்தானே ஒருத்தன் மேல போறான்" என்றார்.

அன்றே இருவரும் பழுதை நீக்கினோம். வளைந்த அச்சுக்குப் பதில் புதிய கம்பி போட்டோம். குழியைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் அகலப்படுத்தினோம். சேறு ஒட்டாமலிருக்க, பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டிக் குழியின் சுவரில் ஒட்டினோம். செலவு முன்சுழலிக்கும் கம்பிக்கும் மட்டுமே. பிறகு சேறு அப்பி, ஐந்து நிமிடம் காயவிட்டு, இருபது முறை சோதித்தோம். இருபது முறையும் முள் 0.2 ஐத் தாண்டாமல் கால் இறங்கியது.

நண்பர்களுக்குச் சில குறிப்புகள்

1. இரு கால்களும் ஒருசேர இயங்கவில்லை என்றால் பொதுவான காரணத்தைத் தேடுக. மின்கலம் தளர்ந்திருக்கலாம், ரிசீவர் இணைப்பு கழன்றிருக்கலாம். ஒரு கால் மட்டும் என்றால் அக்காலருகே தேடுக.

2. மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் கால் அசையவில்லை எனில், உள்ளே பற்சக்கரம் தேய்ந்திருக்கும்.

3. தரையிறங்கியதும் கால் மடிந்துவிழுந்தால் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். காலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் மரத்தகட்டிலிருந்து பிய்ந்து வந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவும்.

4. ஓடும்போது விமானம் ஒரு பக்கமே இழுத்தால், கால் கம்பியை இறுக்கும் சிறு ஸ்க்ரூ தளர்ந்து சக்கரம் திரும்பியிருக்கும். கம்பியில் அந்த ஸ்க்ரூ அமரும் இடத்தை அரத்தால் தட்டையாக்கினால் மீண்டும் திரும்பாது.

5. நிமிர்த்தியும், கவிழ்த்தும், பக்கவாட்டில் சாய்த்தும் சோதிக்க வேண்டும். புவியீர்ப்பு ஒரு நிலையில் உதவும். மற்றொரு நிலையில் எதிர்க்கும்.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதை அப்போதே எழுதிவைக்க வேண்டும்.

ஆறாவது குறிப்பை எழுதத்தான் இக்கட்டுரையையே எழுதினேன் எனலாம். கண்காட்சிக்கு வரும் அந்த ஹரிக்கேனுடன் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் மேசை மேல் இருக்கும். அதன் முதல் வரியில், பெரிய சக்கரம் மாட்டிய நாளும், அச்சு வளைந்த செய்தியும், அதன்கீழ் என் கையெழுத்தும் உள்ளன. விமானத்தைப் பார்க்க வரும் நண்பர்கள் அந்த நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன்.